தோத்தா பரவாயில்ல... டீம் இருக்கணும்!

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஷிஃப்ட் மாறும். ஏழரைக்கு ஆரம்பித்த சென்னையின் எஃப்.சி. ஆட்டத்தை முடித்துக்கொண்டு நான் செல்போனை சார்ஜில் போடுவேன். என் அண்ணன் மகன் மான்செஸ்டர் சிட்டி ஜெர்ஸியை மாட்டிக்கொண்டு, தன் போனோடு வந்து உட்காருவான். என் முகத்தைப் பார்த்தாலே அவனுக்கு ஸ்கோர் தெரிந்துவிடும்.

"இன்னா சித்தப்பா, இன்னைக்கும் ஊத்திக்கிச்சா?"

"டிரா ஆவுற மாதிரிதான்டா இருந்துச்சு. கடைசியில ஒண்ணு வுட்டுட்டானுங்க."

"எதுக்கு உங்களுக்கு இந்த வேதனை? பேசாம சிட்டிக்கு வந்துடுங்க. போன்தானே, ஒரு அமுக்கு அமுக்குனா மாறிடப்போவுது!"

அவன் சொல்வதில் தப்பில்லை. உத்திரமேரூரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு மான்செஸ்டரும் ஒன்றுதான், சென்னை பெரியமேடும் ஒன்றுதான். இரண்டும் ஒரே அளவுத் திரைக்குள் அடக்கம். ஜெயிக்கிற பணக்கார அணியை விட்டுவிட்டு, தோற்கிற அணியோடு ஏன் குடும்பம் நடத்த வேண்டும்? பத்து வருஷத்துக்கு மேலாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனால், இந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பு என்று சமீபத்தில்தான் புரிந்தது. அதைப் புரியவைத்தவன் திருப்பூரில் இருக்கும் என் பள்ளிக்கூட சிநேகிதன். அவனிடம் அப்புறம் வருகிறேன்.

வெள்ளத்தில் பிடித்த பைத்தியம்

2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது சென்னை அணி எங்களுக்கு சினிமா மாதிரிதான் தெரிந்தது. அபிஷேக் பச்சன், தோனி எல்லாம் உரிமையாளர்கள். உலகக்கோப்பை ஃபைனலில் ஜிடானிடம் முட்டு வாங்கிய மாட்டெராஸி பயிற்சியாளர். அந்த வருஷம் லீக்கில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 3-0 என்று அடிவாங்கி, சென்னையில் மூன்றையும் திருப்பிக்கொடுத்து, கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிஷம் இருக்கும்போது ஒரு கோல் வாங்கி வெளியேறினார்கள். அன்றைக்கே நான் சேனலை மாற்றியிருக்கலாம்.

மாற்றவிடாமல் செய்தது 2015 டிசம்பர். அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கலங்கல் பாய்ந்துகொண்டிருந்தது. சென்னை மூழ்கிக் கிடந்தது. லீக்கின் நடுவில் கடைசி இடத்தில் கிடந்த சென்னை அணி, திடீரென்று விழித்துக்கொண்டு வரிசையாக ஜெயித்து அரையிறுதிக்கு வந்திருந்தது. சொந்த ஊரில் ஆட முடியாத நிலை. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியை டிசம்பர் 12-ம் தேதி புனேவில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர் இல்லாத அந்த அணி கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. எங்கள் தெருவில் கரன்ட் வருவதும் போவதுமாக இருந்த நாட்கள் அவை. பேட்டரி மிச்சம் இருந்த ஒரு போனைச் சுற்றி ஆறு பேர் நின்று பார்த்தோம்.

டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 90-வது நிமிஷத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கைபட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. அடுத்த இரண்டு நிமிஷத்துக்குள் மெண்டோஸா இன்னொன்று. 3-2! போனவர் தெருமுனையிலிருந்து எங்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடிவந்தார். அவருக்கு அந்த இரண்டு கோலையும் நேரலையில் பார்க்காத வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்படி ஒரு ராத்திரியைக் கொடுத்துவிட்ட அணியை அப்புறம் எப்படி விடுவது?

ஆயுத பூஜை அன்று ஏழு கோல்

டி.வி-யில் பார்ப்பது போதாமல் ஸ்டேடியத்துக்குப் போக ஆரம்பித்தேன். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வரை பைக். ஸ்டேஷனில் டோக்கன் போட்டு வண்டியை நிறுத்திவிட்டு, பார்க் ஸ்டேஷன் வரை எலெக்ட்ரிக் ட்ரெயின். அங்கிருந்து ரிப்பன் பில்டிங் பின்பக்கமாக நடந்தால் நேரு ஸ்டேடியம். திரும்பி வீடு சேர ராத்திரி ஒன்றரை ஆகிவிடும். வழியில் ஏரிக்கரை இருட்டில் நாய்கள் துரத்தும். "தோக்கறத பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? இங்க இருந்தே பாத்தா தோக்க மாட்டாங்களா?" என்பார் என் மனைவி. நியாயமான கேள்வி.

2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அவர்கள் மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டியே இரண்டு கோல். அந்தக் கோப்பையின் தித்திப்போடு அடுத்த சீஸனுக்குப் போனேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

2018 அக்டோபர் 18, ஆயுத பூஜை. காலையில் பைக்குக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலைப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியோடு ஆட்டம். அரை மணி நேரத்தில் 3-1 என்று முன்னிலை! பக்கத்து சீட்டுக்காரருக்குப் பொரி கொடுத்தேன். பொட்டலம் தீருவதற்குள் ஒக்பெச்சே என்ற நைஜீரியக்காரர் ஹாட்ரிக் அடித்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு இன்னொன்று. 3-4. ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் பார்த்த சந்தோஷம்கூட இல்லை.

அந்த சீஸன் முழுவதும் அப்படியே. 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளி. நடப்பு சாம்பியன், பட்டியலில் கடைசி. ஸ்டேடியத்தில் காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே போயின. ஆனால் 'சூப்பர்மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று இரண்டு ரசிகர் கூட்டங்கள் உண்டு. அவர்களின் டிரம் சத்தம் மட்டும் குறையவே இல்லை. தோற்கிற அணிக்கு அடிக்கிற டிரம்மில் ஒரு தனி வீம்பு இருக்கிறது. கிட்டே போய் நின்றால் நெஞ்சுக்கூட்டில் கேட்கும்.

இதைத்தான் நான் பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூரிலிருந்து ஒரு சாம்பியன்

என் சிநேகிதன் திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுக்கு ஐ.எஸ்.எல். பிடிக்காது. "அது சினிமாக்காரங்க டீம் மச்சி" என்பான். அவன் பிடித்துக்கொண்டது சென்னை சிட்டி எஃப்.சி-யை. பேரில்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். ஐ-லீக்கில் முதல் இரண்டு சீஸன்களும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே கிடந்த அணி. பெரிய ஸ்பான்ஸர் இல்லை, நட்சத்திரம் இல்லை. மீனவ கிராமங்களின் பையன்கள், சென்னைப் பையன்கள், சில ஸ்பானியர்கள், சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர். அவ்வளவுதான்.

2018-19 சீஸனில், என் அணி 9 புள்ளியோடு கிடந்த அதே மாதங்களில், அவன் அணி இந்தியா முழுக்கச் சுற்றி ஜெயித்துக்கொண்டிருந்தது. பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9, சனிக்கிழமை, கடைசி ஆட்டம். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். தன் சம்பளத்தைக் கூட வேலை செய்கிறவரை வாங்கிவைக்கச் சொல்லிவிட்டு, மதியமே பஸ் ஏறிவிட்டான்.

மூன்றாவது நிமிஷத்தில் மினர்வா பஞ்சாப் கோல் போட்டது. அதே நேரத்தில் ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண் மைதானத்தில், ஒரு கண் போனில். இடைவேளை முடிந்து மான்ஸி பெனால்ட்டியில் சமன் செய்தார். பிறகு கௌரவ் போரா என்ற டிஃபெண்டர் இரண்டு கோல், இரண்டாவது கடைசி விசிலுக்குக் கொஞ்சம் முன்னால். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது. 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு அணி ஐ-லீக் சாம்பியன்! ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் போட்டான். பேசவில்லை, சத்தம்தான் வந்தது. "உன் டீம் எவ்ளோ புள்ளி மச்சி?" என்று மட்டும் தெளிவாகக் கேட்டான்.

அப்போதைய விதிப்படி ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்-லுக்குள் நுழைய வழி கிடையாது. கடைசியில் வந்த என் அணி பணக்கார வீட்டிலேயே இருந்தது. முதலில் வந்த அவன் அணி வாசலிலேயே நின்றது. இருந்தாலும் நல்ல காலம் வருவது போலத்தான் தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸல் கிளப் 26 சதவிகிதப் பங்கை வாங்கியது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தொடக்கச் சுற்றில்கூட ஆடினார்கள். அதே மாதம் மான்ஸி ஜப்பானுக்குப் போனார். ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கொரோனா வந்தது. 2020-21 சீஸன் கொல்கத்தா பக்கம் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. சென்னை சிட்டி மறுபடி கீழே கிடந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தபோது அதில் அந்த அணியின் பெயரே இல்லை.

சாம்பியன் ஆகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

"தோத்தா மறுவாரம் மேட்ச் இருக்கும்ல மச்சி? எனக்கு மறுவாரமே இல்ல" என்றான். அன்றைக்கு அவனை ஓட்ட எனக்கு வாய் வரவில்லை.

அண்ணன் மகனுக்கு ஒரு சரித்திரப் பாடம்

இதை என் அண்ணன் மகனிடம் சொன்னபோது அவனுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அவன் சிட்டியைப் பிடித்ததே 2019-ல். அந்த வருஷம் எஃப்.ஏ. கப் ஃபைனலில் வாட்ஃபோர்டை 6-0 என்று நொறுக்கினார்கள். "ஹிஸ்டரியிலயே பெரிய ஃபைனல் ஸ்கோர் சித்தப்பா!"

பெரிய ஸ்கோர்தான். ஆனால் சாதனை சமன்தான் ஆனது. அதற்கு முன்னால் 1903-லேயே அதே கப்பின் ஃபைனலில் டெர்பி கவுன்ட்டியை 6-0 என்று அடித்த ஓர் அணி உண்டு. பெயர் பரி எஃப்.சி. 1885-ல் தொடங்கிய கிளப். மான்செஸ்டருக்கு வடக்கே, நம் கணக்கில் சொன்னால் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற மாதிரி ஒரு தூரத்தில் இருக்கிற ஊர். 2019 மே மாதம் சிட்டி அந்தப் பழைய சாதனையைத் தொட்டது. ஆகஸ்ட் மாதம் பரி கடனில் மூழ்கி, இங்கிலாந்து ஃபுட்பால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே சாதனை. ஒருவருக்கு அபுதாபி பணம் வந்தது, இன்னொருவருக்கு மைதானம் பூட்டப்பட்டது.

இன்னொன்றும் சொன்னேன். 1998-99ல் அவனுடைய சிட்டியே இங்கிலாந்தின் மூன்றாவது டிவிஷனில் கிடந்தது. மேலே ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில் கில்லிங்ஹாமிடம் 0-2 என்று பின்தங்கி, முடியப்போகிற நேரத்தில் இரண்டையும் அடித்து, பெனால்ட்டியில்தான் தப்பித்தார்கள். அந்தக் கேவலமான சீஸனிலும் ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்திருக்கிறார்கள். அபுதாபிக்காரர்கள் வாங்கியது 2008-ல். அவர்கள் வாங்குவதற்கு ஓர் அணி மிச்சம் இருந்ததே அந்த 28,000 பேரால்தான் என்பது என் கட்சி. அண்ணன் மகன் நம்பாமல் யூடியூபில் தேடிப் பார்த்தான். பழைய வீடியோவில் அந்த ஐந்தாவது நிமிஷக் கூடுதல் நேர கோலைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

அவனுக்கும் கஷ்டகாலம் வந்தது. 2024 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை 13 ஆட்டங்களில் சிட்டிக்கு ஒரே ஒரு வெற்றி. பையன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி என்னிடம் புகார் சொன்னார். சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. ஜெயித்தே பழகியவனுக்குத் தோல்வி ஒரு நோய் மாதிரி, எங்கிருந்து தொற்றியது என்றே தெரியாது. "பெப் போயிடுவாரா சித்தப்பா?" என்று கேட்டான். பணக்கார அணி ரசிகனின் உச்சபட்ச பயமே பயிற்சியாளர் போய்விடுவாரோ என்பதுதான். அந்த சீஸனை சிட்டி மூன்றாம் இடத்தில் முடித்தது. மூன்றாம் இடத்துக்கு இப்படி அழுதால் நாங்கள் எல்லாம் எங்கே போவது?

பணம் வந்துவிட்டால் ரசிகனின் கவலை தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1889-ல் பிறந்த மோகன் பகானை 2020-ல் ஏ.டி.கே. அணியோடு இணைத்தார்கள். பணம் வந்தது, கோப்பையும் வந்தது. ஆனால், 'ஏ.டி.கே. மோகன் பகான்' என்ற பெயரை ரசிகர்கள் ஏற்கவே இல்லை. கோப்பை ஜெயிக்கிற அணிக்கு எதிராக அதன் ரசிகர்களே மூன்று வருஷம் போராடினார்கள். 2023-ல்தான் அந்த மூன்றெழுத்து போனது. எதிர்ப்பக்கம் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள், 2012-க்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பைக்காக 2024 சூப்பர் கப் வரை 12 வருஷம் காத்துக்கிடந்தார்கள். இரண்டில் எது பெரிய கஷ்டம் என்று கொல்கத்தாவில் கேட்டால் கைகலப்பாகிவிடும்.

கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை

2025 ஜூலையில் என் முறை வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இருந்த 15 வருஷ ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிப்பதில் முடிவில்லை, அதனால் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்படுகிறது என்று செய்தி. ஆகஸ்ட்டில் சென்னையின் எஃப்.சி-யும் தன் செயல்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சினிமாக்காரர் அணி, பணக்கார வீட்டு அணி. அதற்கே இந்த கதி!

அந்தச் செய்தியை பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் போனில் படித்தேன். டீ ஆறிப்போனது. 9 புள்ளி சீஸனில் வந்த வலி இல்லை இது. அதில் கோபம் இருந்தது. யாரைத் திட்டலாம் என்று பட்டியல் இருந்தது. இதில் திட்டுவதற்கு ஆளே இல்லை. திருப்பூருக்கு போன் போட்டேன். "இப்ப தெரியுதா மச்சி?" என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அப்படிக் கேட்கவில்லை. "வீட்டுக்குப் போய் படு. பேப்பர் பாக்காத" என்றான்.

டீக்கடையிலிருந்து எட்டிப்போனால் வைகுண்டப் பெருமாள் கோயில். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அதன் சுவரில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாகக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அப்போது குடத்தில் ஓலை போடுவது மட்டும்தான் மனதில் நின்றது. அதில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. ஏரியைப் பார்த்துக்கொள்கிறவன் ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று 1,100 வருஷத்துக்கு முன்னால் கல்லில் வெட்டிய ஊரில் நின்றுகொண்டு, என் அணியின் கணக்கை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழித்தேன்.

ஜெர்மனியில் கேட்கலாம். அங்கே 1998-லிருந்து '50+1' என்று ஒரு விதி. கிளப்பில் யார் பணம் போட்டாலும், பாதிக்கு மேல் ஓட்டு கிளப் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், ரசிகனுக்கு ஒரு நாற்காலி உண்டு. பரி ஊர் ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. புதிதாக ஓர் அணியைத் தொடங்கி, அடிமட்ட லீக்குகளில் ஆடி, மைதானத்தையும் பழைய பெயரையும் 2023-ல் திரும்ப வாங்கிவிட்டார்கள். நாங்கள் டிக்கெட் வாங்கினோம், ஜெர்ஸி வாங்கினோம், டிரம் அடித்தோம். எங்கள் பெயர் எழுதிய ஓலை எந்தக் குடத்திலும் இல்லை.

மாதக்கணக்கில் இழுத்தது. சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் வீடியோவில் வந்து ஃபிஃபாவிடம் முறையிடுகிற நிலைமை. கடைசியில் 2026 பிப்ரவரியில், ஓர் அணிக்கு 13 ஆட்டம் என்று சுருக்கி லீக்கை ஆரம்பித்தார்கள். அந்த அறிவிப்பு பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. பொங்கலுக்குத் திருப்பூர்க்காரன் ஊருக்கு வந்திருந்தான். காணும் பொங்கலன்று ஏரிக்கரையில் கரும்பு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவனுடைய பையன் போட்டிருந்தது பழைய சென்னை சிட்டி ஜெர்ஸி. அப்பாவுடையது, முட்டிவரை தொங்கியது. "மெஷின்ல போடாதன்னு சொன்னாலும் இவ கேக்கறதில்ல, எழுத்தெல்லாம் உரியுது" என்று மனைவியைக் குறை சொன்னான்.

என் அண்ணன் மகன் வழக்கம்போல ஆரம்பித்தான். "மாமா, நீங்களாவது சிட்டிக்கு வாங்களேன். டீம் காலியா இல்ல உங்களுக்கு?"

அவன் சிரித்தான். "எனக்கு வயசாயிடுச்சுடா. புதுசா ஒண்ணு பழக முடியாது."

சென்னையில் மேட்ச் வந்தால் சேர்ந்து போகலாம், செங்கல்பட்டு ஸ்டேஷனில் வண்டியைப் போட்டுவிட்டு ட்ரெயினில் போய் வந்துவிடலாம் என்றேன். கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு யோசித்தான்.

"வரேன் மச்சி. ஆனா கத்த மாட்டேன்."